லேப்டாப்பை மூடினால் அணைந்தே போகிறது

கோத்தகிரிக்காரன்:
தேயிலைத் தோட்டத்தில் பச்சை இலை எடைக் கணக்கு எழுதுகிறேன். விண்டோஸ் 10 லேப்டாப். ஒரு கொட்டகையில் எடை போட்டு மூடி, ஜீப்பில் அடுத்த கொட்டகைக்குப் போய்த் திறந்தால் முழுசாக அணைந்திருக்கிறது. சேமிக்காத கணக்கு போச்சு. குளிரில் பேட்டரி செத்துவிட்டதோ என்று நினைத்தேன். பார்த்தால் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது. போன மாதம் அக்கா மகன் ஏதோ நோண்டினான். போதாக்குறைக்கு, கம்பளிக் கையுறையோடு தட்டும்போது பவர் பட்டனிலும் விரல் பட்டுவிடுகிறது.

குன்னூர் மழை:
மருமகன் வேலைதான்! கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போங்க. இடப்பக்கம் ‘சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்’. பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கும். பேட்டரியில் ‘ஷட் டவுன்’ இருந்தால் ‘ஹைபர்னேட்’ ஆக்குங்க. ‘ஸ்லீப்’ வேண்டாம், அதில் ரேமுக்கு (தற்காலிக நினைவகம்) மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஹைபர்னேட் எல்லாத்தையும் டிஸ்கில் எழுதிவிட்டு அணையும். பவர் பட்டனுக்கு ‘டூ நத்திங்’ (எதுவும் செய்யாதே) வைங்க.

கோத்தகிரிக்காரன்:
ஹைபர்னேட்டே காணோமேண்ணா?

ஊட்டி 2:
கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை தட்டும் திரை) அட்மினாகத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆன்’ (powercfg /h on) அடிங்க, வந்துடும். ‘டூ நத்திங்’ வெச்சாலும் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிச்சா அணைஞ்சிடும், கையுறை கவனம்.

கோத்தகிரிக்காரன்:
வந்துடுச்சு. மூணு கொட்டகை சுத்தியாச்சு, கணக்கு அப்படியே இருக்கு. மருமகனுக்கு இருக்கு கச்சேரி.