சிசிலி சமையலைப் புத்தகத்தால் கற்க முடியுமா?

கல்சட்டி:
இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிற ட்ராபனி ஊர் ரவை உணவான குஸ்குஸ் மூன்றாவது முறையும் கட்டி கட்டியாகப் போய்விட்டது. ரவையில் உப்புத் தண்ணீர் தெளித்து, விரலால் சுழற்றி மணி மணியாக உருட்ட வேண்டும். புத்தகத்தில் ‘மணிகள் உருளும் வரை’ என்று ஒரே வரி. எவ்வளவு ஈரம்? கை எப்படிச் சுழல வேண்டும்? பாரம்பரியச் சமையல் என்பது புத்தகத்தால் வராது, அவ்வளவுதான்.

திண்ணைவாசி:
ஒரு குஸ்குஸை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். எனக்குக் கபொனாட்டா என்ற புளிப்பு இனிப்புக் கத்திரிக்காய்ப் பதார்த்தம் கைவந்தது புத்தகத்தால்தான். முதலில் கத்திரிக்காய், செலரி எல்லாவற்றையும் ஒரே வாணலியில் வதக்கிக் கூழாக்கினேன். தனித்தனியாகப் பொரிக்க வேண்டும், வினிகரும் சர்க்கரையும் சேர்த்தபின் ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும் என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. 827-இல் அரேபியர் அந்தத் தீவில் இறங்கியதையும், கரும்பு அவர்களோடு வந்ததையும் படித்த பிறகுதான் அந்தப் புளிப்பு இனிப்பே எனக்குப் புரிந்தது.

கல்சட்டி:
வரலாறு வேறு, கைப்பக்குவம் வேறு. எரிச்சே ஊரின் மரியா கிரமாட்டிகோவைப் பாருங்கள். சிறுமியாக சான் கார்லோ மடத்தில் வளர்ந்தவர். பாதாம் இனிப்புகளின் செய்முறையைக் கன்னியாஸ்திரிகள் வெளியே விடவில்லை. பார்த்துப் பார்த்தே மனதில் ஏற்றிக்கொண்டு, பிறகு அதே ஊரில் கடை போட்டார். அவர் எந்தப் புத்தகத்தைப் படித்தார்?

திண்ணைவாசி:
அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? எழுத்தாளர் மேரி டெய்லர் சிமெட்டி அவரோடு சேர்ந்து 1994-இல் புத்தகம் எழுதியதால்தானே! மடத்துக்குள் பூட்டிக் கிடந்தது இன்று நம் அடுப்படிக்கு வந்திருக்கிறது.

பலெர்மோத் தமிழச்சி:
நான் யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே, சிசிலியின் பலெர்மோ நகரத்துக்கு வந்து பல வருடமாகிறது. குஸ்குஸ் கற்றது பக்கத்து வீட்டு ட்ராபனி அம்மாவிடம். முதல் நாள் புட்டுக்குக் குழைக்கிற மாதிரி மாவை அழுத்தினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அழுத்தவே கூடாது, விரலை விரித்து, மாவின் மேலாக வட்டம் போட வேண்டும். ஒரு கைப்பிடி ரவை, சில துளி தண்ணீர், திரும்ப ஒரு கைப்பிடி. கல்சட்டி அண்ணா, நீங்கள் ரவை முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினீர்களா?

கல்சட்டி:
ஆமாம் தங்கச்சி. அரைக் கிலோவையும் கொட்டி, அழுத்தித்தான் பிசைந்தேன். பார்த்தீர்களா திண்ணைவாசி, கையைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

திண்ணைவாசி:
உங்கள் கையை யாரும் பிடிக்கவில்லையே! தமிழச்சி எழுதினார், நீங்கள் படித்தீர்கள், தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. உங்கள் புத்தகத்தை எழுதியவர் எங்கே கை தவறும் என்பதை எழுதாமல் விட்டுவிட்டார். குறை அவருடையது.

கல்சட்டி:
இதற்கு உடனே பதில் வரவில்லை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மறுபடி உருட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.