'லீவிங் குரூப்' – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

திருச்சி, செவ்வாய் காலை

அன்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டுத் தமிழ்வழி மாணவர்களுக்காகப் பதிலீட்டு வினைகள் (மூலக்கூறில் ஒரு பகுதி போய் அதன் இடத்தில் இன்னொன்று வந்து அமரும் வினைகள்) பற்றிய பயிற்சித்தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. 'லீவிங் குரூப்', அதாவது அப்படி இடம்விட்டுப் போகும் பகுதி, என்ற ஒரு சொல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்கிறது. வகுப்பில் நான் சொல்வது 'வெளியேறும் தொகுதி'. ஒருமுறை சொன்னால் பரவாயில்லை. 'ஹைட்ராக்சைடு மோசமான வெளியேறும் தொகுதி, எனவே அமிலம் சேர்த்து அதை நீராக வெளியேறக்கூடிய நல்ல வெளியேறும் தொகுதியாக்க வேண்டும்' என்று எழுதும்போது எனக்கே மூச்சு வாங்குகிறது.

சின்னதாக ஒரு சொல் வேண்டும். அதிலிருந்து 'வெளியேறும் திறன்' என்பதற்கும் ஒரு சொல் கிளைக்க வேண்டும். உதவுங்கள்.

கும்பகோணம், செவ்வாய் மதியம்

அம்மா, வினைத்தொகை இருக்க பெயரெச்சம் எதற்கு? ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் போல 'விலகுதொகுதி' என்று சொல்லிவிடலாம். 'வெளியேறும்' என்பதில் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வினைத்தொகையோ காலம் கரந்தது.

இன்னொன்று. நன்னூலார் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக்கினார். வாழைப்பழத்தில் 'ப்' தோன்றியது, பொற்குடத்தில் 'ன்' 'ற்' ஆகத் திரிந்தது, மரவேரில் 'ம்' கெட்டது. உங்கள் சேர்க்கை வினை, பதிலீட்டு வினை, நீக்கல் வினை மூன்றும் இவைதானே? வடமொழி இலக்கணத்திலும் ஆகமம், ஆதேசம், லோபம் என்று இதே மூன்று உண்டு. கரிம வேதியியல் முழுவதையும் புணர்ச்சி இலக்கணச் சொற்களாலேயே எழுதிவிடலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். 'பதிலீடு' போய் 'திரிபு' வரட்டும்.

திருச்சி, செவ்வாய் மாலை

ஐயா, காலம் கரந்தது என்றீர்களே, அது உங்களுக்கே தெரியாமல் வேதியியலின் நடுநெஞ்சைத் தொட்டுவிட்டது. அந்தத் தொகுதி எப்போது போகிறது என்பதுதான் இந்தப் பாடமே. மூவிணைய பியூட்டைல் புரோமைடில் புரோமைடு முதலில் தானே கழன்று போகும். அப்புறம்தான் நீரோ ஹைட்ராக்சைடோ வந்து அமரும். அந்த வழிமுறைக்குப் பெயர் எஸ்என்1. மெத்தில் புரோமைடில் ஹைட்ராக்சைடு பின்பக்கமாக வந்து ஒட்ட ஒட்ட, எதிர்ப்பக்கம் புரோமைடு விலகும். அது எஸ்என்2. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் காலம் காட்டாத சொல்தான் பொருத்தம்.

ஆனால் 'திரிபு' வேண்டாம். பொற்குடத்தில் அந்த 'ன்' எங்கே போனது என்று யாராவது காட்ட முடியுமா? எங்கள் புரோமைடு கரைசலிலேயே கிடக்கிறது. நைட்ரிக் அமிலம் விட்டுப் பிறகு வெள்ளி நைட்ரேட் ஊற்றினால் வெளிர்மஞ்சள் வீழ்படிவாக வந்து நிற்கும். பொன்னும் குடமும் சேர எத்தனை நொடி ஆகும் என்று நன்னூல் சொல்லவும் இல்லை.

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு

வணக்கம். எங்கள் பாடநூல்களில் வினை என்பது தாக்கம், பதிலீடு என்பது பிரதியீடு, வந்து ஒட்டுவதை நீங்கள் கருக்கவர் காரணி என்பது கருநாடி. 'கருநாடி' எவ்வளவு சிக்கனம் பாருங்கள். கருவை நாடுவது, அவ்வளவுதான். உங்கள் 'தொகுதி' எங்களுக்குக் கூட்டம். ஆகவே 'நீங்கும் கூட்டம்' என்றும் எழுதலாம்.

கோயம்புத்தூர், செவ்வாய் இரவு

'நீங்கும் கூட்டம்' என்றால் படம் முடிந்து தியேட்டரிலிருந்து வெளியே வருகிறவர்கள் ஞாபகம் வருகிறார்கள். மருந்து ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். அங்கே யாரும் எதையும் தமிழில் கேட்டதில்லை. 'லீவிங் குரூப்' என்றே எழுதிவிடுங்கள், பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்.

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு

'வெளியேறும் தொகுதி' என்றால் எனக்கு உங்கள் சட்டமன்றம்தான் ஞாபகம் வருகிறது. ஆள் கட்சி மாறுவது தெரியும், தொகுதியே வெளியேறுமா?

கும்பகோணம், புதன் விடியற்காலை

தூக்கம் வரவில்லை. 'பதிலீடு' பற்றி யோசித்தேன். 'பதில்' அரபிச் சொல்லான 'பதல்' வழியாக வந்தது. 'பிரதி' வடமொழி. இரண்டு கரையிலும் அரைத் தமிழ்தான். 'மாற்றீடு' என்றால் முழுத் தமிழ்.

திருச்சி, புதன் காலை

'ஈடு' அப்படியே இருக்கிறது. அங்கே 'பிரதி' ஒட்டியது, இங்கே 'பதில்' ஒட்டியது. இப்போது நீங்கள் 'பதிலை'க் கழற்றிவிட்டு 'மாற்று' ஒட்டுகிறீர்கள். இதுவே பதிலீட்டு வினைதான் ஐயா! நாளை வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் சொல்லை மாற்ற மாட்டேன்; பள்ளியிலிருந்தே பிள்ளைகள் 'பதிலீடு' படித்து வருகிறார்கள்.

வந்த கேள்விக்கு வருவோம். 'நீங்கி', 'விலகி' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். 'நீங்கி' பெயரா வினையெச்சமா? 'புரோமைடு நீங்கி வந்தது' என்றால் என்ன புரிந்துகொள்வது? அதோடு 'நீக்கல் வினை' என்று வேறொன்று இருக்கிறது. நீங்கு தன்வினை, நீக்கு பிறவினை என்று நமக்குத் தெரியும். தேர்வு அறையில் முதலாண்டுப் பிள்ளை ஒரு மெய்யெழுத்தில் மதிப்பெண்ணை விட்டுவிடும்.

கும்பகோணம், புதன் மதியம்

அப்படியானால் 'கழலி'.

நீங்களே 'தானே கழன்று போகும்' என்று எழுதினீர்கள். பிரிவில் மெலிந்த தலைவியின் தோளிலிருந்து தொடி நெகிழ்ந்து கழல்வதைச் சங்கப் பாடல்கள் எத்தனை முறை சொல்கின்றன! யாரும் பிடுங்கவில்லை, பிடிப்புத் தளர்கிறது, கழல்கிறது. கழலி, கழல்திறன், நற்கழலி. கேட்ட கிளைச்சொற்களும் வந்துவிட்டன.

திருச்சி, புதன் மாலை

உண்மையைச் சொன்னால் இது என்னை அசைத்துவிட்டது. எஸ்என்2-வின் உச்சக் கணத்தில் கார்பனுக்கு இருபுறமும் அரைகுறைப் பிணைப்புதான். வருவது முழுதாக ஒட்டவில்லை, போவது முழுதாக விடவில்லை. 'வெளியேறு' என்றால் கதவைத் தாண்டியாயிற்று. 'கழல்' என்பதில் அந்தத் தளர்ச்சி இருக்கிறது.

மதுரை, புதன் இரவு

உயிரியல் பக்கமிருந்து ஒரு தடை. அயோடின் குறைந்தால் வருவது முன்கழுத்துக் கழலை. ஹாலைடுகளில் மிக நல்ல 'கழலி' அயோடைடு. 'அயோடின் இருந்தால் கழலி, இல்லாவிட்டால் கழலை' என்று பிள்ளைகள் எழுதப்போவதை நான்தான் திருத்த வேண்டும். ஏற்கெனவே 'கருக்கவர்' என்ற சொல்லுக்கு வகுப்பில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

யாழ்ப்பாணம், வியாழன் காலை

அந்தச் சொல்லை விடுங்கள், உங்கள் பாடநூல்களின் 'வினைவேகம்' எனக்கு உறுத்துகிறது. ஒரு நொடிக்கு, ஒரு லிட்டருக்கு எத்தனை மோல் என்பது வீதம். வேகம் என்றால் ஓடுகிற பொருள் வேண்டும். நாங்கள் தாக்கவீதம் என்கிறோம்.

திருச்சி, வியாழன் காலை

நியாயம்தான். ஆனால் இங்கே 'வீதம்' என்றாலே பிள்ளைகள் சதவீதத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி, 'ஆர்டர்' என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் 'வினைவகை'. 'முதல் வகை வினை' என்றால் ஏதோ தரம் பிரித்த மாதிரி இருக்கிறது. உண்மையில் அது வேகச் சமன்பாட்டில் செறிவுக்கு மேல் வரும் அடுக்கு. ஹைட்ராக்சைடின் செறிவை இரட்டித்தால் மெத்தில் புரோமைடில் வேகமும் இரட்டிக்கும். மூவிணைய பியூட்டைல் புரோமைடில் வேகம் அசையாது. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் ஒன்றுதான், அது திணறுகிறது என்றால், அரிசி அளக்க நாலு பேரை நிறுத்தினாலும் வரிசை நகராது. புரோமைடு கழல்வதுதான் அந்த மெஷின்.

பார்த்தீர்களா, 'கழல்வது' என்று தானாகவே எழுதிவிட்டேன்.

கோயம்புத்தூர், வியாழன் மாலை

வேதியியலாளர்கள் இங்கால்டும் ஹியூஸும் 1930களில் லண்டனில் எஸ்என்1, எஸ்என்2 என்று பெயர் வைத்தபோது இவ்வளவு பேசியிருப்பார்களா தெரியவில்லை. அச்சகம் நாளை மாலை.

திருச்சி, வெள்ளி இரவு

அனுப்பிவிட்டேன். முதல் முறை 'வெளியேறும் தொகுதி', மற்ற இடங்களில் எல்லாம் 'வெளியேறு தொகுதி', திறனுக்கு 'வெளியேறுதிறன்'. பேசியவர்களில் பெரும்பாலோர் 'எதையாவது வையுங்கள்' என்ற நிலைக்கு வந்துவிட்டதால் இதையே பெரும்பான்மை என்று எடுத்துக்கொண்டேன். வினைத்தொகை ஐயாவுடையது. 'கழல்திறன்' ஓர் அடிக்குறிப்பில் இருக்கிறது, மதுரை அம்மா மன்னிக்க வேண்டும்.

கும்பகோணம், வெள்ளி நள்ளிரவு

அடிக்குறிப்புக்கு நன்றி. உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். 'தொகுதி' என்ற சொல் அங்கே எதற்கு? ஒற்றைக் குளோரைடு அயனி எப்படித் தொகுதியாகும்?

யாழ்ப்பாணம், சனி காலை

கூட்டமும் ஆகாது. இதை நான் யோசிக்கவில்லை.