மெய்க்திலா ஷெர்மனுக்குத் துரு பொருந்துமா?

வியாசை வண்ணன்

நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து செய்த 1:35 (அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) ஷெர்மன் டாங்கி பிளாஸ்டிக் மாடல் ஒருவழியாக முடிந்துவிட்டது. 1945 மார்ச்சில் பர்மாவின் மெய்க்திலா நகரைப் பிடித்த 255ஆம் இந்திய டாங்கிப் படைப்பிரிவின் வண்டியாக இதை உருவகித்திருக்கிறேன். படத்தில் சரியாகத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: உடல் முழுவதும் அடர்பச்சை, சுழல்மேடையின் இருபுறமும் வெள்ளை நட்சத்திரம், மூடிகளின் கீல்களிலிருந்தும் பற்றவைப்புத் தழும்புகளிலிருந்தும் வழிந்திறங்கும் துருக்கோடுகள், சங்கிலியும் சக்கரங்களும் ஏறத்தாழ முழுத் துரு, அடிப்பாகத்தில் காயாத சேறு.

பர்மாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் பாட்டி. 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பாட்டி சொல்லும் பர்மாவில் மழை பிடித்தால் விடுவதே இல்லை. துணி காயாது, சுவரெல்லாம் பாசி, கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் கையில் துரு ஒட்டும். துருவின் நிறத்தில் என் கற்பனை எதுவும் கிடையாது. காசிமேட்டில் கரையேற்றி வைத்திருக்கும் விசைப்படகுகளின் இரும்புப் பாகங்களையும், மணலிப் பக்கம் சாலையோரம் வரிசையாக நிற்கும் டிரெய்லர்களையும் படமெடுத்து, மேசைமேல் வைத்துப் பார்த்துப் பார்த்தே தீட்டினேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

ராயபுரம் ஸ்கேல்

தயங்க வேண்டாம் என்றதால் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். தூரிகை வேலை மிகச் சுத்தம். நட்சத்திரத்தின் டெக்கால் (ஒட்டுப்படம்) விளிம்பு பெயின்ட்டோடு அப்படியே படிந்திருக்கிறது, அந்த அளவுக்கு எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆனால் இந்த வண்டி மெய்க்திலாவில் நின்ற வண்டி அல்ல.

மெய்க்திலா நடு பர்மாவின் வறண்ட மண்டலத்தில் இருக்கிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மழைமேகத்தை அரக்கான் மலைத்தொடர் மறித்துக்கொள்வதால், மலைக்குக் கிழக்கே உள்ள அந்தச் சமவெளியில் கள்ளிச்செடியும் பனைமரமும்தான் நிற்கும். நம்மூரோடு ஒப்பிட வேண்டுமானால் ராமநாதபுரத்தை நினைத்துக்கொள்ளலாம். 17ஆம் இந்தியக் காலாட்படை டிவிஷனும் இந்த டாங்கிப் படைப்பிரிவும் ஐராவதி ஆற்றைக் கடந்து பிடித்த கரையிலிருந்து கிளம்பியது பிப்ரவரி 21. மார்ச் முதல் வாரத்திலேயே நகரம் கைக்கு வந்துவிட்டது. ஆண்டிலேயே காய்ந்த பருவம் அது. அந்த வண்டிகளுக்குப் பின்னால் எழுந்தது புழுதி, தெறித்தது சேறு அல்ல. தங்கள் பாட்டியின் மழையை நான் மறுக்கவில்லை. நம்மவர்கள் பெரும்பாலும் குடியிருந்தது ரங்கூனிலும் ஐராவதிக் கழிமுகத்து நெல்வயல் ஊர்களிலும்தான். பாட்டி சொன்னது அந்தக் கழிமுகத்து மழையாக இருக்கும். தஞ்சாவூர் ஆட்கள் சொன்ன மழையைக் கொண்டுபோய் ராமநாதபுரத்தில் பெய்ய வைத்தால் எப்படி?

துருவுக்கு வருகிறேன். காசிமேட்டுப் படகு உப்பு நீரிலேயே கிடப்பது. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, மழையில்லாத மாசி பங்குனியில், நாள்தோறும் ஐந்து பேர் துடைத்து எண்ணெயிட்டுப் பராமரிக்கும் வண்டியில் அந்தத் துரு வர வாய்ப்பே இல்லை. பீடத்தின்மேல் நிறுத்தி வைத்த பழைய டாங்கிகளைப் பார்த்துப் பார்த்து, போர்க்களத்து டாங்கியும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம் கண் பழகிவிட்டது.

வியாசை வண்ணன்

கழிமுகம் பற்றிச் சொன்னது சரியாக இருக்கலாம். பாட்டியிடம் கேட்டேன், அவர்கள் ஊர் ரங்கூனுக்குத் தெற்கேதானாம். ஆனால் துருவை முழுவதும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. ஷெர்மனில் இந்தப் படைப்பிரிவு ஓட்டிய வகை எம்4ஏ4. அது 1942 ஜூலை முதல் 1943 செப்டம்பர் வரைதான் தயாரிக்கப்பட்டது. அப்படியானால் மெய்க்திலாவுக்கு வந்த வண்டிகளில் மிகப் புதியதற்கும் ஒன்றரை வயது. அமெரிக்காவில் செய்து, கடல் கடந்து, கப்பலில் வந்து, இந்தியத் துறைமுகத்தில் இறங்கி, ஒரு மழைக்காலமாவது பார்த்த இரும்பு. அந்த வழியில் அதற்கு உப்பே படவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்றும் உண்டு. மொத்தமே பதினேழு சென்டிமீட்டர் நீளமுள்ள பொருள் இது. பச்சையும் புழுதியும் மட்டும் பூசினால் அலமாரியில் அது இரும்பாகவே தெரியாது, பிளாஸ்டிக்காகத்தான் தெரியும். கனத்தைக் கண்ணுக்குக் காட்டுவது துருதான்.

தண்டையார்பேட்டைப் பட்டறை

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். எனக்குச் சரித்திரம் தெரியாது. லாரி பாடிக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்தே முப்பது ஆண்டுகளை ஓட்டியவன். பேரனுக்காக இந்த மாடல் வேலைக்கு வந்தேன். துருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லாரியின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். தண்ணீர் மடிப்புக்குள் தங்கி, உள்பக்கத்திலிருந்து அரித்து, பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளம் உடைந்த இடத்தில் ஓரம் செதில் செதிலாக எழும்பி, நடுவே கறுத்து, சுற்றிலும் மஞ்சளாகக் கசியும். வியாசைத் தம்பி மூடியின் கீல் அருகே தீட்டியிருப்பது அச்சு அசலாக அந்தக் கொப்புளம்தான், பார்த்ததுமே சிரித்துவிட்டேன், அவ்வளவு தத்ரூபம். ஆனால் டாங்கியின் முன்தகடு எவ்வளவு கனம் என்று பேரனைத் தேடிப் பார்க்கச் சொன்னேன்: 51 மில்லிமீட்டர். அந்தக் கனத்தில் உள்ளிருந்து அரிப்பதற்கு ஏது வழி? பெயின்ட் உரிந்த இடத்தில் மேலோடு ஒரு படலம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆள் ஏறி இறங்கும் இடத்திலும் பூட்ஸ் உரசும் இடத்திலும் அந்தப் படலமும் தங்காது, மினுமினுப்பான கறுப்பாகிவிடும்.

வழிந்த கோடு என்பது வேறு விஷயம். ஒரே இடத்தில் மாதக்கணக்காக நின்ற வண்டியில்தான் தண்ணீர் ஒரே தடத்தில் இறங்கிக் கோடு போடும். ஓடுகிற வண்டியில் புழுதி அதை அழித்துக்கொண்டே இருக்கும். கப்பலில் பட்ட உப்பைப் பற்றித் தம்பி கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் சண்டைக்கு அனுப்புமுன் கழுவி, சுரண்டி, மறு கோட்டிங் கொடுத்திருப்பார்கள் என்றே என் தொழில் புத்தி சொல்கிறது. எங்கள் பட்டறைக்கு வரும் எந்த வண்டியையும் நாங்கள் துருவின் மேலேயே பெயின்ட் அடித்து அனுப்புவதில்லை. (அனுப்பும் பட்டறைகள் உண்டு; அது வேறு கதை.)

மண்ணடி மினியேச்சர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வியாசை நண்பரின் மூன்றாவது படத்தில், இஞ்சின் மூடியின்மேல் பச்சை சற்று வெளுத்துப் பால் படிந்ததுபோல் இருக்கிறதே, அது புழுதிக்காகச் செய்ததா, தானாக வந்ததா?

வியாசை வண்ணன்

கண்டுபிடித்துவிட்டீர்கள். அது தானாக வந்தது. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு மாலையில் மொட்டைமாடிக் கொட்டகையில் உட்கார்ந்து ஏர்பிரஷ்ஷில் லாக்கர் அடித்தேன். தின்னர் ஆவியாகும்போது காற்றின் ஈரம் மேலே படிந்து வெளுத்துவிட்டது. அதை மறைக்கத்தான் அந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகத் துரு வைத்தேன் என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

தண்டையார்பேட்டைப் பட்டறை

அதைத் துருவால் மறைக்க வேண்டியதில்லை, தம்பி. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் சற்று மெதுவாகக் காயும் தின்னரை மெல்லிய மூட்டமாக ஒரு தடவை அடித்தால் வெளுப்பு அடங்கும். நாங்கள் என்.சி. பெயின்ட் அடித்த காலத்தில் மழை நாளில் இதையேதான் செய்தோம். வாஷ் (இடுக்குகளில் இறங்கும்படி நீர்க்கக் கரைத்த பெயின்ட்) கொடுத்தபோது டர்பன்டைனைத் தேங்க விட்டீர்களா? வலப்பக்கம் பின்னால் ஒரு சக்கரம் சற்றுச் சாய்ந்திருப்பதாகத் தெரிகிறது.

வியாசை வண்ணன்

ஆம் ஐயா. அச்சின் அடியில் தேங்கியதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் அச்சு நூல்போல விரிசல் விட்டிருந்தது. ஊசியைச் சூடாக்கித் துளையிட்டு, மெல்லிய செப்புக்கம்பியைச் செருகி ஒட்டினேன். சாய்வு நிமிரவில்லை.

ராயபுரம் ஸ்கேல்

சக்கரம் என்றதும் நினைவுக்கு வந்தது. சொல்லாமல் விட மனமில்லை. எம்4ஏ4 என்று தாங்களே எழுதிவிட்டீர்கள். அந்த வகையில் ஐந்து கார் இஞ்சின்களை ஒன்றாகக் கோத்த முப்பது சிலிண்டர் கிரைஸ்லர் இஞ்சினை வைத்தார்கள். அது உள்ளே அடங்காததால் உடலை நீட்டினார்கள். சாதாரண ஷெர்மன் 5.84 மீட்டர், எம்4ஏ4 6.06 மீட்டர். அதனால் பக்கத்துக்கு மூன்றாக உள்ள சக்கர ஜோடிகளுக்கிடையே இடைவெளி அகலம். சங்கிலியிலும் 79-க்குப் பதில் 83 கண்ணிகள். தங்கள் மாடலில் சக்கர ஜோடிகள் நெருங்கி நிற்கின்றன. தாங்கள் வாங்கிய கிட் (மாடலின் பாகத் தொகுப்பு) சாதாரண எம்4-இனுடையது. அளவில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் குறைகிறது.

கூடவே சங்கிலி. படத்தில் இருப்பது ரப்பர் கட்டை பதித்த வகை. ரப்பர் எப்படித் துருப்பிடிக்கும்? கட்டைகளைச் சாம்பல் கறுப்பாக விட்டு, அவற்றை இணைக்கும் ஓர இரும்புக்கு மட்டும்தான் பழுப்பு வர வேண்டும்.

வியாசை வண்ணன்

ரப்பர் என்பது என் கவனத்துக்கே வரவில்லை. அதை மாற்றிவிடுகிறேன், அதில் வாதமே இல்லை.

6 மில்லிமீட்டரை மட்டும் மாற்றப்போவதில்லை. கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்த கிட் அது. 1:35 என்ற கணக்கே எப்படி வந்ததென்று தங்களுக்குத் தெரியாதிருக்காது: 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா மாடல் நிறுவனம் ஜெர்மானியப் பேந்தர் டாங்கியின் மாடலைச் செய்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க எவ்வளவு இடம் வேண்டுமோ அதை வைத்து அமைந்த அளவு. பேட்டரிக்காகப் பிறந்த அளவுக்குள் உட்கார்ந்துகொண்டு 6 மில்லிமீட்டருக்கு மல்லுக்கட்ட எனக்கு மனமில்லை.

சேற்றைப் பற்றி வேறொன்று சொல்ல விரும்புகிறேன். மார்ச் மாத மெய்க்திலா என்பதை நான் கைவிடுகிறேன். அதே டாங்கிகள் அங்கேயே நின்றுவிடவில்லை. ஏப்ரலில் ரங்கூனை நோக்கித் தெற்கே சாலை வழியாக ஓடின. ரங்கூனுக்குச் சற்று வடக்கே உள்ள பெகுவை அடைந்த நேரத்தில், மே மாதம் பிறந்ததும் பிறக்காததுமாக, எதிர்பார்த்ததற்கு முன்பாகவே மழை பிடித்துக்கொண்டது. மே 3-ஆம் தேதி ரங்கூனுக்குள் நுழைந்தது கடல் வழியாக வந்து இறங்கிய படை. சாலை வழியாக வந்தவர்கள் சேற்றோடு போராடிக்கொண்டிருந்தார்கள். என் வண்டி அந்த இடத்தில், அந்த வாரத்தில் நிற்கிறது. அது கழிமுகத்தை ஒட்டிய ஊர், பாட்டியின் மழைதான்.

ராயபுரம் ஸ்கேல்

இது கெட்டிக்காரத்தனம், மறுக்க முடியவில்லை. போட்ட சேற்றை மாற்றாமல் தேதியை மாற்றிவிட்டீர்கள். பெகு என்றால் சேற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, இரண்டு மாதப் புழுதியில் ஓடிய வண்டியின்மேல் மழை பெய்தால் சேறு அடியில் மட்டும் இருக்காது. மேல்தளத்தில் படிந்த புழுதி கரைந்து, மூலைகளிலும் போல்ட்டுகளைச் சுற்றியும் ஒதுங்கிக் காயும். தங்கள் மேல்தளம் கழுவிவிட்டதுபோல் இருக்கிறது. இரண்டாவது, அந்தச் சேற்றில் கலந்திருக்கும் மணல். ஒரு மணி அரை மில்லிமீட்டர் இருந்தாலும் 35-ஆல் பெருக்கிப் பாருங்கள், பதினேழு மில்லிமீட்டர் ஜல்லி ஆகிவிடும். பர்மாவில் ரோடு போட ஜல்லி ஏற்றிய டாங்கியாகத் தெரிகிறது.

துருக்கோடுகளை நான் இப்போதும் ஏற்கவில்லை. ஒரு வார மழையில் அந்தக் கோடுகள் வராது.

தண்டையார்பேட்டைப் பட்டறை

கோடு வராது, அது சரி. ஆனால் ராயபுரம் தம்பி ஒன்றைத் தள்ளிவிடக்கூடாது. உரசி உரசி வெள்ளையாகப் பளபளக்கும் இரும்பு, ஓர் இரவு நனைந்தால் போதும், காலையில் ஆரஞ்சுப் பழத்தோல் நிறத்தில் நிற்கும். பட்டறையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தகட்டைப் பிரைமர் அடிக்காமல் விட்டுப்போனால் மறுநாள் எனக்குக் கிடைப்பது அதுதான். சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தின் பல் நுனியிலும், சங்கிலி ஓரத்து இரும்பிலும் அந்த வெளிர்த் துரு ஒரு மெல்லிய படலமாக இருக்கலாம். பழந்துருவின் கரும்பழுப்பைப் போட்டால்தான் தவறு. புகைக்குழாயும் அப்படியே, சூட்டில் பெயின்ட் கருகிப்போன இடம், அங்கே எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் துரு உண்டு.

மணலுக்குப் பதில் கோலத்துக்கு வாங்கும் செங்காவியை மெல்லிய துணியில் சலித்து, கொஞ்சம் சாம்பல் கலந்து, மேட் வார்னிஷில் குழைத்துப் பாருங்கள். பேரனின் ஜீப்புக்கு அதைத்தான் போட்டேன்.

வியாசை வண்ணன்

நேற்றிரவு உட்கார்ந்தேன். கீல்களின் கொப்புளங்களைச் சுரண்டிப் பச்சை அடித்தாயிற்று. மனம் வலிக்கத்தான் செய்தது. ரப்பர் கட்டைகள் சாம்பல் கறுப்பு ஆகிவிட்டன. பற்சக்கர நுனிகளில் ஐயா சொன்ன ஆரஞ்சு. காவி நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் காய்ந்ததும் நான் நினைத்ததைவிடச் சிவப்பாக நிற்கிறது. சாம்பலைக் கூட்ட வேண்டும். இடப்பக்கம் ஒரே ஒரு துருக்கோட்டை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், அழிக்கப்போவதில்லை.

ராயபுரம் ஸ்கேல்

எந்தக் கோடு? நட்சத்திரத்துக்குக் கீழே உள்ளதா? அதைத்தான் முதலில் அழித்திருக்க வேண்டும்.