புதுப்பிப்பு: காரமடையிலிருந்து சிங்காநல்லூர், அமுச்சியுடன்

முழங்கால் வலியுள்ள அமுச்சியை, அதாவது என் அம்மாவின் அம்மாவை, காரமடையிலிருந்து கோவை சிங்காநல்லூர் மருத்துவமனைக்கு எப்படி அழைத்துச் செல்வது என்று முன்பு கேட்டிருந்தேன். மேட்டுப்பாளையம் சாலை பேருந்து நிலையத்தில் ஒரு முறை, காந்திபுரத்தில் ஒரு முறை என்று இரண்டு இடங்களில் பஸ் மாறுவதுதான் எங்கள் வழக்கம். ரயிலைச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

நேற்று போய் வந்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலில் டிக்கெட் 10 ரூபாய். பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் நெரிசல் எதுவும் எங்களைத் தொடவில்லை. அமுச்சி ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து வந்தார். அதைப் பார்த்ததே எனக்குப் பெரிய நிம்மதி. கோவை ரயில் சந்திப்பில் இறங்கி ஒரே டவுன் பஸ். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தச் செலவும் மிச்சம்.

பஸ் படிக்கட்டுதான் இன்னும் சிரமம். அத்தனை உயரம்! தாழ்தளப் பஸ் வந்தால் காத்திருந்தாவது அதில் ஏறுங்கள். திரும்பும்போது ஒரு ரயிலைத் தவறவிட்டு வெகுநேரம் காத்திருந்தோம். ஆகவே மருத்துவரைப் பார்க்கும் நேரத்தை ரயில் நேரத்தை வைத்தே கேட்டு வாங்குங்கள். அடுத்த மாதமும் இதே வழியில்தான் போகிறோம்.