சத்து மாத்திரைகளும் ஆராய்ச்சியும்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

குடுவை

உணவிலிருந்து பிரித்தெடுத்த கூறுகள், சத்து மாத்திரைகள் பற்றி ‘ஆய்வு சொல்கிறது’ என்று தினமும் ஏதாவது கண்ணில் படுகிறது. அந்த ஆய்வுகளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கேள்விப்பட்டதை விடுங்கள், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

முனைவர் பட்டத்துக்காக நான் இருந்த ஆய்வகத்தில், மஞ்சளில் உள்ள குர்குமினுக்குத் தனி மரியாதை. புற்றுநோய்ச் செல்லா, சாகும். அழற்சியா, அடங்கும். பாக்டீரியாவா, வளராது. எந்தச் சோதனையில் போட்டாலும் பாஸ். சேர்ந்த புதிதில் எனக்குப் புல்லரித்தது. பக்கத்து மேசை அக்கா மட்டும் சிரிப்பார். “எல்லாத்துக்கும் தலையாட்டுறவன நம்பாதடா. சோதனைத் தட்டுல செல்லே இல்லாத குழியில ஒரு தடவை போட்டுப் பாரு” என்றார். போட்டேன். செல் ஒன்றுகூட இல்லாத குழியிலும் கருவி எண் காட்டியது. குர்குமின் தானே ஒளிரும் பொருள். நாங்கள் அளந்ததும் ஒளிர்வைத்தான்.

இன்னொன்று, அது நிலையாக நிற்காது. சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) இல்லாத கரைசலில், உடல் வெப்பநிலையில் வைத்தால் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், தெரிகிற விளைவு குர்குமினுடையதா, அதன் சிதைவுகளுடையதா? 2017இல் ஒரு மருத்துவ வேதியியல் இதழில் வந்த நீண்ட மதிப்பாய்வு இதையெல்லாம் சேர்த்து வைத்துக் கேட்டது. 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்தும், யாருக்கு எது என்று கொடுப்பவர், எடுப்பவர் இரு தரப்புக்கும் தெரியாமல் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஒன்றுகூடத் தெளிவான வெற்றி காணவில்லை என்பது அவர்கள் முடிவு. எங்கள் ஆய்வகத்தில் அன்று யாரும் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

டப்பாக்களில் ‘மிளகுச் சாறு சேர்த்தது, 2000 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படும்’ என்று போட்டிருப்பார்களே, அந்த எண் 1998ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வருகிறது. 2 கிராம் குர்குமினோடு, மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம். எண் பொய்யில்லை. ஆனால் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் இருந்ததே கண்டுபிடிக்க முடியாத அளவு அல்லது மிகக் குறைவு. அதன் இருபது மடங்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பைப்பரின் இதைச் சாதிக்கும் வழியையும் டப்பா சொல்வதில்லை. அயல்பொருளை வெளியேற்றும் வேலையைக் குடலிலும் கல்லீரலிலும் அது தடுக்கிறது. அந்த வழியாகவே வெளியேற வேண்டிய மற்ற மருந்துகளும் அப்போது உள்ளே தேங்கும். வலிப்புக்கான ஃபெனிடாய்ன் அப்படி ஒன்று.

ரத்தமாதிரி

குடுவை சார் சொன்னது ஆராய்ச்சிக்கூடக் கதை. நான் இருப்பது சாதாரண இரத்தப் பரிசோதனைக்கூடம்.

தைராய்டுக்கு வந்த ஒரு பெண்மணி. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் தரைமட்டம், தைராய்டு சுரக்கும் டி4 உச்சம். இந்த அறிக்கையை மட்டும் பார்த்தால் தைராய்டு தாறுமாறாகச் சுரக்கிறது என்றே யாரும் சொல்வார்கள். ஆளோ சாவகாசமாக உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். படபடப்பு, கைநடுக்கம், எடைக்குறைவு எதுவும் கிடையாது. எங்கள் மேலதிகாரி அறிக்கையை அனுப்பாமல் நிறுத்தி, “முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றார். பயோட்டின் என்ற பி வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம்தான்.

நடப்பது இதுதான். பல கருவிகளில் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதை வைத்துத்தான் அளவே எடுக்கப்படுகிறது. இரத்தத்தில் பயோட்டின் வெள்ளமாக ஓடினால் அந்தப் பிடிமானத்தை அது அபகரித்துவிடும். டிஎஸ்எச் மாதிரி சோதனையில் பொய்யாகக் குறையும், டி4 மாதிரி சோதனையில் பொய்யாகக் கூடும். இரண்டும் சேர்ந்தால் நோயின் அச்சு அசல் படம் கிடைத்துவிடுகிறது! மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள் கழித்து வரச் சொன்னோம். எல்லாம் சரியான அளவில் இருந்தன.

சிரிப்பதற்கு மட்டும் உரிய விஷயம் இல்லை இது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையும் பயோட்டினால் பொய்யாகக் குறைந்து வரலாம். அப்படி ஒரு நோயாளி இறந்ததைக் குறிப்பிட்டு 2017இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. முடி கொட்டுவதற்குப் பயோட்டின் உதவும் என்பதற்கான ஆதாரமோ, அந்தச் சத்துக் குறைபாடு இல்லாதவர்களிடம் மிகப் பலவீனம்.

அந்திமழை

@ரத்தமாதிரி அக்கா, நான் எடுப்பது சாதாரண மல்ட்டிவிட்டமின். அதிலும் பயோட்டின் போட்டிருக்கிறது. பரிசோதனைக்கு முன் நிறுத்த வேண்டுமா?

ரத்தமாதிரி

பின்பக்க அட்டவணையைப் பாருங்கம்மா. 30, 50 மைக்ரோகிராம் அளவென்றால் பொதுவாகத் தொல்லையில்லை. முடி, நகம் என்று விற்பவற்றில்தான் ஆயிரக்கணக்கில் இருக்கும். எப்படியானாலும் ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள், குறித்துக்கொள்வார்கள்.

வெண்பலகை

நான் எலி! அதாவது, பீட்ரூட் சாறும் இரத்த அழுத்தமும் பற்றிய ஓர் ஆய்வில் தன்னார்வலராகப் போனவன்.

போன உடனே கொடுத்த தாளில் முதல் தடையே வினோதம்: ஆய்வு முடியும்வரை பாக்டீரியாவைக் கொல்லும் மவுத்வாஷ் கூடாது. சாற்றுக்கும் வாய் கொப்பளிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஆய்வு செய்த பெண் பொறுமையாக விளக்கினார். பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தம் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு வந்து, மறுபடி வாய்க்கே திரும்புகிறது. நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கிய பிறகுதான் உடலில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி இரத்தக் குழாய் விரிகிறது. மனித உடலிடம் இந்த வேலைக்கான நொதி இல்லை. பாக்டீரியாவைக் கொன்றால் சாறு வெறும் சாறு.

ஒப்பிடுவதற்காகச் சிலருக்குக் கொடுக்கும் போலிச் சாறு எப்படிச் செய்வார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆர்வம். அதுவும் அசல் பீட்ரூட் சாறுதான். பிசின் வழியாகச் செலுத்தி நைட்ரேட்டை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். நிறம், ருசி, மண்வாசனை எதிலும் வித்தியாசமில்லை. சிறுநீர் சிவப்பாகப் போவதுகூட இரண்டிலும் உண்டு. (யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அவசரச் சிகிச்சைக்கு ஓடியிருப்பேன்.)

எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. வீட்டில் எல்லோரிடமும் பீட்ரூட் புராணம் பாடினேன். ஆய்வு முடிந்து, யார் எதைக் குடித்தார்கள் என்று எழுதி ஒட்டிவைத்த உறையைப் பிரித்தால், நான் குடித்தது முழுக்க நைட்ரேட் இல்லாத சாறு. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, ஒரே கருவியில், ஒரே நேரத்தில் அளந்ததே அந்த இறக்கத்துக்குப் போதுமாக இருந்திருக்கிறது. ‘நான் சாப்பிட்டேன், எனக்குக் கேட்டது’ என்று யார் சொன்னாலும் இப்போது எனக்கு முதலில் தோன்றுவது, உன் உறையில் என்ன எழுதியிருந்தது என்பதுதான்.

மருந்துமேசை

வெண்பலகை தம்பி, அருமை. நான் மருந்தாளுநர். என் மேசைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின் எடுக்கும் பெரியவர். சில வாரங்களாகத் தொடையில் தசைவலி, படியேற முடியவில்லை. மாத்திரையை மாற்ற வேண்டுமோ என்று மருத்துவர் யோசித்துக்கொண்டிருந்தார். “வேறு மருந்து எடுக்கிறீர்களா?” என்று கேட்டதற்கு இல்லை என்று அடித்துச் சொன்னார். பையைத் திறந்து பணம் எடுக்கும்போது உள்ளே ஒரு டப்பா தெரிந்தது: சிவப்பு ஈஸ்ட் அரிசி. “இது மருந்தில்லைங்க, இயற்கை” என்றார்.

மோனாஸ்கஸ் என்ற பூஞ்சையால் புளிக்கவைத்த அரிசி அது. அதிலுள்ள மோனகோலின் கே, வேதியியலில் அப்படியே லோவாஸ்டாடின்தான். 1987இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற ஸ்டாடின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் வகை) மருந்து. அதாவது பெரியவர் இரண்டு ஸ்டாடின்களை ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார்; தசைவலி அந்த வகை மருந்தின் பக்கவிளைவு. அந்த அரிசி கொலஸ்ட்ராலைக் குறைக்காது என்று நான் சொல்லவே மாட்டேன். நன்றாகவே குறைக்கும், ஏனென்றால் அது மருந்து. ஆனால் ஒரு மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு பல மடங்கு மாறும். சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நச்சும் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே மோனகோலின் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

மூத்தமகள்

அப்பாவுக்கு வயது காரணமாக வரும் விழித்திரைத் தேய்வு. நடுத்தரக் கட்டம். கண் மருத்துவர் சத்து மாத்திரை எழுதும் முன் கேட்ட ஒரே கேள்வி, “புகை பிடிப்பாரா?”

அப்பா என் முகத்தைப் பார்க்காமல், “எப்பவோ விட்டாச்சு” என்றார். விட்டவருக்கும் அது வேண்டாம் என்றார் மருத்துவர். ‘அது’ என்றால் பீட்டா கரோட்டின். கேரட்டில் இருப்பதுதானே, அதில் என்ன என்று நான் கேட்க, உட்கார வைத்துச் சொன்னார்.

இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல அவதானிப்புகளில் தெரிந்ததாம். அதை நம்பி ஃபின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்குச் சோதித்தார்கள். தினம் 20 மில்லிகிராம். 1994இல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் புகை பிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தவர்கள் என 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்ததில் 28 சதவீதம் அதிகப் புற்று, 17 சதவீதம் அதிக மரணம்.

எனக்கு ஆறவே இல்லாத விஷயம், அந்த ஃபின்லாந்து ஆய்விலேயே, தொடக்கத்தில் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்குப் புற்று குறைவாகத்தான் வந்திருக்கிறது. பழைய அவதானிப்பு தவறில்லை. அந்த இரத்தம் காய்கறி நிறையத் தின்கிற ஒரு வாழ்க்கையின் அடையாளம். அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் உருவி எடுத்து மாத்திரையாக அடைத்தபோது கதை தலைகீழானது.

கண்ணுக்கான மாத்திரையில் முதலில் பீட்டா கரோட்டினும் இருந்தது. 2013இல் வந்த அடுத்த ஆய்வுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு, காய்கறிகளில் உள்ள வேறு இரண்டு நிறமிகளான லூட்டின் 10, சியாசாந்தின் 2 மில்லிகிராம் என்று மாற்றினார்கள். அப்பா எடுப்பது அதைத்தான். பார்வை திரும்பாது, தேய்வு முற்றுவதைத் தள்ளிப்போடத்தான் என்பதையும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். உறவினர் ஒருவர் அன்போடு வாங்கி அனுப்பிய டப்பாவில் பழைய கலவை இருந்தது. நன்றி சொல்லிவிட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டோம்.

அந்திமழை

எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்களே! மாத்திரையால் எழுந்து நடமாடியவள் நான்.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதலபாதாளம். மாடிப்படியில் மூச்சு வாங்கும். தினம் இரண்டு வேளை இரும்பு மாத்திரை எழுதினார்கள்; வயிறு ஒத்துக்கொள்ளவே இல்லை. இன்னொரு மருத்துவர், “ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே வேளை” என்றார். கால்வாசியாகக் குறைத்தால் எப்படிச் சரியாகும் என்று சண்டையே போட்டேன். இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் எழுந்து, அடுத்த ஒரு நாளுக்குக் குடலின் கதவைச் சாத்திவிடுமாம். சூரிச்சில் இரும்பு குறைந்த பெண்களிடம் அளந்து 2017இல் வெளியிட்டிருக்கிறார்கள்: தினமும் எடுத்தால் 16.3 சதவீதம் உறிஞ்சப்படுகிறது, ஒரு நாள் விட்டு எடுத்தால் 21.8. எனக்கு வயிறும் அடங்கியது, ஃபெரிட்டினும் ஏறியது. என் உறையில் அசல்தான் இருந்தது, வெண்பலகை!

குடுவை

இந்தப் பதிவு வந்ததில் எனக்கு நிம்மதி. உங்களிடம் இரும்பு இல்லை, கொடுத்தார்கள், ஏறியது. கருவுறும் முன் ஃபோலிக் அமிலம் கொடுப்பதும் இந்த ரகத்தில் சேர்க்க வேண்டியது. முன்பு ஒரு கருவில் நரம்புக்குழாய்க் குறைபாடு (மூளை, தண்டுவடம் உருவாவதில் கோளாறு) இருந்த பெண்களிடம், மறுபடி அது வருவதை 72 சதவீதம் தடுத்தது என்று 1991இலேயே நிரூபித்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கம் 25,871 பேரிடம் நடந்த வைட்டமின் டி ஆய்வு. 2018இல் வந்த முடிவில் புற்றும் குறையவில்லை, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ‘வைட்டமின் டி வீண்’ என்று தலைப்புப் போட்டார்கள். அதில் சேர்ந்தவர்களின் இரத்தத்தில் ஏற்கெனவே சராசரியாக ஒரு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்கு மேல் வைட்டமின் டி இருந்தது என்பதை யாரும் தலைப்பில் போடவில்லை. வயிறு நிறைந்தவனுக்குப் பந்தி வைத்துவிட்டு, சோறு பசியாற்றாது என்று எழுதின மாதிரி.

தலைப்புச்செய்தி

தலைப்புப் போடுகிறவன் நான்தான், மன்னிக்கவும் :)

2022இல், கோகோவிலுள்ள ஃபிளவனால் என்ற கூறு பற்றிய ஆய்வு வந்தபோது மேசைக்கு வந்த குறிப்பில் ‘இதய மரணம் 27 சதவீதம் குறைவு’ என்று இருந்தது. ஆசிரியருக்குச் ‘சாக்லேட் இதயத்தைக் காக்கும்’ என்று தலைப்பு வேண்டும். கட்டுரையைத் திறந்தால், 21,442 பேரில் முதன்மைக் கேள்வியான மொத்த இதய நிகழ்வுகளில் கிடைத்தது 10 சதவீதம்தான், அதுவும் புள்ளியியல்படி தற்செயலாக இருக்கக்கூடியது. 27 என்பது அடுத்த நிலைக் கேள்விகளில் ஒன்று. கொடுத்ததும் சாக்லேட் இல்லை, 500 மில்லிகிராம் ஃபிளவனால் உள்ள கோகோச் சாறு மாத்திரை. நிதி தந்தவர்களில் ஒரு சாக்லேட் குழுமமும் உண்டு. மூன்றையும் செய்திக்குள் எழுதினேன். தலைப்பு மட்டும் ஆசிரியர் கேட்டபடியே போனது. அதிகம் படிக்கப்பட்ட செய்தி அன்று அதுதான்.

அந்திமழை

@வெண்பலகை, கேட்க மறந்துவிட்டேன். வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் வந்து போனது. பீட்ரூட் சாறு தினம் குடிக்கலாமா?

வெண்பலகை

எங்கள் ஆய்விலேயே கல் வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பல சிறுநீரகக் கற்களில் இருக்கும் ஆக்ஸலேட் பீட்ரூட்டில் அதிகம். கல் எந்த வகை என்று பரிசோதித்த அறிக்கை இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை சாறு வேண்டாம்.