இரண்டு சென்சார், ஒரே அளவு: டிரைவரில் டேட்டாவை எங்கே வைப்பது?

கொழுந்துக்கூடை (ஹட்டன்):
கெம்பஸ் புரொஜெக்டுக்காக, தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரோடு இரண்டு எஸ்எச்டி31 ஈரப்பத சென்சார் மாட்டியிருக்கிறேன். ஒன்று ஃபேன் வாயில், மற்றது கொழுந்துக்கு மேலே. ஐ2சி (சென்சாரை இணைக்கும் பஸ்) முகவரி ஹெக்ஸில் 44, 45. லினக்ஸ் டிரைவர் நானே எழுதியது. டெவைஸ் ஃபைல் இரண்டும் வருகின்றன. ஆனால் எதைத் திறந்தாலும் 45 முகவரியில் உள்ள சென்சார் காட்டுகிற ஈரப்பதம்தான். வயரை மாற்றிப் பார்த்தும் அதே கதை. கோடின் தலையில் ஸ்டாட்டிக்காக (டிரைவர் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக) ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது டேட்டாத் தொகுப்பு. கிளையன்ட் (எந்தச் சென்சார் என்று காட்டுவது) பொயின்டர், கடைசி அளவு, மியூடெக்ஸ் (பூட்டு) எல்லாம் அதற்குள்.

மலைப்பாதை (பண்டாரவளை):
வயரை விடுங்கள் தம்பி, கோளாறு அந்த ஸ்டாட்டிக்கில். புரோப் ஃபங்ஷன் (சென்சாரை டிரைவரோடு இணைக்கும்போது லினக்ஸ் அழைப்பது) சென்சாருக்கு ஒரு முறை ஓடும். இரண்டாவது ஓட்டம் முதல் கிளையன்டை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதுகிறது. புரோப்புக்குள்ளேயே சென்சாருக்கு ஒரு ஸ்ட்ரக்ட் ஒதுக்குங்கள், சிடெவ்வையும் (டெவைஸ் ஃபைலுக்கான கேர்னல் ஸ்ட்ரக்ட்) அதற்குள்ளேயே வையுங்கள். ஓப்பனில் ஐநோடிலிருந்து (ஃபைலைப் பற்றிய கேர்னல் பதிவு) சிடெவ் கிடைக்கும். கன்டெய்னர்_ஆஃப் மேக்ரோ போட்டால் சிடெவ்வை உள்ளே வைத்திருக்கும் முழு ஸ்ட்ரக்டும் கையில். அதை ஃபைலின் பிரைவேட்_டேட்டாவில் வைத்தால் ரீட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

கொழுந்துக்கூடை:
அளவு பிரிந்துவிட்டது அண்ணா, நன்றி! ஒதுக்கியது டெவ்எம்_கேஸீஅலொக்கில். ஆனால் லொகர் (அளவைப் பதியும் புரோகிராம்) ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது சென்சாரை அன்பைண்ட் செய்தால் (டிரைவரிலிருந்து பிரித்தால்), அடுத்த ரீடில் கேர்னல் ஊப்ஸ், அதாவது கேர்னலுக்குள்ளேயே பிழை.

பனிமூட்டம் (நுவரெலியா):
டெவ்எம் மெமரி அன்பைண்டோடு போய்விடும். யார் ஃபைலைத் திறந்திருக்கிறார்கள் என்று அது பார்க்காது. சாதாரண கேஸீஅலொக்கில் ஒதுக்குங்கள். ஸ்ட்ரக்டுக்குள் ஒரு ஸ்ட்ரக்ட் டெவைஸும் வைத்து, சிடெவ்_டெவைஸ்_அட் மூலம் பதியுங்கள். மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீ அந்த டெவைஸின் ரிலீஸ் ஃபங்ஷனில் மட்டும். கடைசி ஃபைல் மூடும்வரை மெமரி இருக்கும். ரிமூவில் மியூடெக்ஸைப் பிடித்துக் கிளையன்டை நல் (NULL, வெற்று) ஆக்குங்கள்; ரீட் நல்லைக் கண்டால் ஈனோடெவ் (டெவைஸ் இல்லை என்ற பிழை) திருப்பட்டும்.

மியூடெக்ஸும் ஸ்ட்ரக்டுக்கு ஒன்றாக இருக்கட்டும். ஐ2சி கோர் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரையும் பூட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்: கட்டளை அனுப்பி, 15 மில்லிசெகண்ட் பொறுத்து, 6 பைட் படிப்பது வரை ஒரே பூட்டுக்குள் வரவேண்டும். இல்லாவிட்டால் ஒரே சென்சாரை இரண்டு புரோகிராம் படிக்கும்போது இடையில் குழம்பும்.

மலைப்பாதை:
புரொஜெக்ட் முடிந்து ஃபெக்டரிக்கு நிரந்தரமாக விடுவதென்றால் கேர்னலிலேயே இருக்கிற எஸ்எச்டி3எக்ஸ் டிரைவரைப் போடுங்கள். ஹெச்டபிள்யூமோன் (கேர்னலின் பொதுவான சென்சார் இடைமுகம்) வழியாக அளவு வரும், உங்கள் லொகரில்தான் சிறிது மாற்ற வேண்டியிருக்கும்.

கொழுந்துக்கூடை:
சரி அண்ணா. சொந்த டிரைவர் எழுதினால்தான் மார்க்ஸ், அதனால் இப்போதைக்கு இதுவே. ரிலீஸ் ஃபங்ஷன் போட்டபின் அன்பைண்ட் செய்து பார்த்தேன், லொகருக்கு ஈனோடெவ் வருகிறது, ஊப்ஸ் இல்லை.