நான்கு கதவு ஸ்டாண்டர்டு கார்: ஹெரால்டா, கஸெலா?

உசிலம்பட்டிக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். தாய்மாமா காலமான பிறகு, வீட்டுக் கொட்டகையில் பதினைந்து ஆண்டுகளாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த அவருடைய ஸ்டாண்டர்டு கார் என் பொறுப்பில் வந்திருக்கிறது. நான்கு கதவுகள் கொண்ட இந்த வண்டியின் டிக்கி மூடியில் 'கஸெல்' என்ற எம்பளம் இருந்தாலும், திருமங்கலத்திலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் இது ஹெரால்டுதான் என்று சாதிக்கிறார். ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் அரித்தது போக 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரும் 948 சி.சி. என்ற எண்ணுமே மிஞ்சியிருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

பழங்காநத்தம் பட்டறை:
தம்பி, 948 சி.சி. உங்களுக்கு உதவாது, இரண்டிலும் அதே என்ஜின்தான். நான்கு கதவும் உதவாது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு நான்கு கதவுகளோடு விற்கப்பட்டதே இல்லை. 1961 முதல் சென்னையில் அதைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், குடும்பத்தோடு பயணம் செய்யும் நம் வழக்கத்துக்காகப் பின்னாளில் கூடுதலாக இரண்டு கதவுகளை வைத்தது. ஆகவே ஹெரால்டாகவே இருந்தாலும் உங்கள் வண்டி இந்தியாவுக்கே உரியது. முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஹெரால்டில் இரண்டு மட்கார்டுகளும் முகப்பு விளக்குகளும் பானெட்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். முன் டயர் மீது உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். (அந்தச் சுகம் வேறெந்தக் காரிலும் கிடைத்ததில்லை.) 1970-களின் தொடக்கத்தில் வந்த கஸெலில் மட்கார்டுகள் உடம்போடு நிற்க, நடுத்தகடு மட்டும் திறக்கும்.

திருநகர் மூத்தவர்:
பட்டறை அண்ணன் சொல்வது சரி. ஆனால் தனிச் சட்டத்தின் (சேஸிஸ்) மேல் போல்ட் போட்டு மாட்டிய உடம்பு என்பதால், ஐம்பது ஆண்டுகளில் எந்த வண்டியின் பாகம் எந்த வண்டிக்குப் போயிற்று என்று சொல்ல முடியாது. எனவே அடிப்பகுதியையும் பார்த்துவிடுங்கள். முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால், ஹெரால்டின் பின் சக்கரங்கள், தூக்கிப் பிடித்த கோழியின் கால்களைப் போலக் கீழ்ப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும். அதன் டிஃபரன்ஷியல் (என்ஜின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) சட்டத்தோடு பிணைந்திருக்க, மேலே ஒரே பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்) குறுக்காக ஓடும். இரண்டு பக்க ஆக்ஸில்களும் தனித்தனியே அசையும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த அமைப்பு பிடிக்காததால், கஸெலுக்கு ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஒரே துண்டாகப் போகும் ஆக்ஸிலைப் பொருத்தினார்கள். தூக்கினாலும் சக்கரம் நேராகவே நிற்கும். அடியில் தலையை நுழைக்கும் முன் ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஜாக்கியை நம்பாதீர்கள்.

உசிலம்பட்டிக்காரன்:
இருவருக்கும் நன்றி. பானெட் முழுவதும் முன்னால் கவிழ்ந்தது. பின் சக்கரங்கள் ஐயா சொன்னபடியே மடங்கின. குறுக்குப் பட்டையையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். எம்பளத்தைக் கழற்றியபோது, அடியில் பட்டி போட்டு அடைத்த பழைய துளைகள் வேறு இடைவெளியில் இருந்தன. மாமாவே புது மாடல் என்று காட்ட ஆசைப்பட்டு ஒட்டினாரா என்று அத்தையிடம் கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.